துளை போடும் முன் நாற்பது கிலோமீட்டர் ஆழம் பார்க்கலாமா? கௌலர் பகுதியில் எம்டி, சீஸ்மிக், கிராவிட்டி

நம் ஊரில் போர்வெல் போடும் முன் ரெசிஸ்டிவிட்டி பார்க்க ஒருவர் வருவார். நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, பெட்டியிலிருந்து கரண்ட் விட்டு, கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி நட்டு, கடைசியில் ஓரிடத்தில் கல்லை வைத்து "இங்கே இருநூறு அடியில் ஒரு கேப் இருக்கு" என்பார். அவரே "முதலில் நாற்பது கிலோமீட்டர் ஆழம் வரை அளந்துவிடுகிறேன், அப்புறம் இடம் சொல்கிறேன்" என்றால் என்ன செய்வோம்? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். தெற்கு ஆஸ்திரேலியாவில் தாமிரம் தேடுகிறவர்கள் கடந்த இருபது வருடமாகக் கிட்டத்தட்ட இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது, எவ்வளவு வெறும் அழகான படம் என்பதுதான் இங்கே விஷயம்.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். தெற்கு ஆஸ்திரேலியாவில் கௌலர் கிராட்டன் என்ற பழைய கண்டத் துண்டின் கிழக்கு ஓரம். ஒரு சின்ன கம்பெனி கையில் ஆயிரம் சதுர கிலோமீட்டர் தேடல் உரிமம். தாது இருக்கக்கூடிய பழைய பாறை மேலே தெரியாது. அதற்குச் சம்பந்தமே இல்லாத இளைய படிவப் பாறைகள் சில நூறு மீட்டர் தடிமனுக்கு மூடிக் கிடக்கின்றன. ஒரு கிலோமீட்டர் துளை ஒன்று போடவே சில லட்சம் டாலர் ஆகும், நாலைந்து துளை பொய்த்தால் கம்பெனி காலி. இந்த நிலையில் இருக்கிற பணத்தை எம்டியில் (தரைக்குள் தானாக ஓடும் மின்னோட்டத்தை அளப்பது) போடுவதா, ஆழ சீஸ்மிக்கில் (தரையை அதிர வைத்துத் திரும்பி வரும் அலையைப் பதிவு செய்வது) போடுவதா, பூமியின் இரைச்சலைக் கேட்கும் கருவிகளில் போடுவதா, இல்லை பழையபடி கிராவிட்டியும் (ஈர்ப்பு) மேக்னட்டிக்கும் (காந்தம்) பார்த்துவிட்டு நேராகத் துளைக்குப் போவதா?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆழ அளவீடு எதுவும் துளை போடும் இடத்தைச் சொல்லாது. எந்த நிலத்தை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லும். அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கக் கௌலரில் எம்டிதான் முதல். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் ஒரு சங்கடமான உண்மை. இந்தப் பகுதியையே உலக வரைபடத்தில் வைத்த ஒலிம்பிக் டேம் தாமிரப் படிவு எந்த ஆழ அளவீட்டாலும் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1975இல் வெஸ்டர்ன் மைனிங் கார்ப்பரேஷன் ராக்ஸ்பி டவுன்ஸ் என்ற மேய்ச்சல் பண்ணையில் முதல் துளையைப் போட்டது. ஒலிம்பிக் டேம் என்ற பெயர்கூட, மெல்பர்ன் ஒலிம்பிக் நடந்த 1956 வாக்கில் கால்நடைக்குத் தண்ணீர் தேக்க வெட்டிய ஒரு குட்டையின் பெயர்தான். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களிடம் மூன்று விஷயம் இருந்தது: ஈர்ப்பும் காந்தமும் ஒரே இடத்தில் எகிறியிருந்த அளவீடு, வரைபடத்தில் நீளமாக ஓடும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றிய ஒரு கணிப்பு, பசால்ட் என்ற பழைய எரிமலைப் பாறையிலிருந்து தாமிரம் கரைந்து வந்து வேறிடத்தில் தங்கும் என்ற கோட்பாடு. முதல் துளை 350 மீட்டர் ஆழத்தில் 38 மீட்டர் நீளத்துக்கு ஒரு சதவீதம் தாமிரம் காட்டியது. பிறகு வந்த துளைகளில் பெரும்பாலானவை ஏமாற்றின. 1976 கடைசியில் பத்தாவது துளை 170 மீட்டர் நீளத்துக்கு 2.1 சதவீதம் என்று வந்தபோதுதான் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பத்துத் துளைக்கும் பொறுமையாகக் காசு கொடுக்க ஒரு பெரிய கம்பெனி இருந்தது என்பதை மறக்கக் கூடாது. நம் சின்ன கம்பெனி ஆறாவதிலேயே கடையைச் சாத்தியிருக்கும்.

சரி, ஆழம் பார்க்காமலேயே கிடைத்தது என்றால் இப்போது எதற்கு ஆழம்? 1590 மில்லியன் வருடங்களுக்கு முன் நடந்ததை யோசித்துப் பாருங்கள். பல கன கிலோமீட்டர் கிரானைட் நொறுங்கி, அதில் இரும்பும் தாமிரமும் தங்கமும் யுரேனியமும் வந்து நிறைந்திருக்கின்றன. அவ்வளவு உலோகமும் வெப்பமும் திரவமும் மேலே 350 மீட்டரில் தானாக உருவாகவில்லை. எங்கோ ஆழத்தில் ஒரு ஊற்று இருந்திருக்க வேண்டும், அங்கிருந்து மேலே வர ஒரு வழி இருந்திருக்க வேண்டும், வந்ததைப் பிடித்து நிறுத்த ஒரு பொறி இருந்திருக்க வேண்டும். தாது என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும். அது ஓரிரண்டு கிலோமீட்டர் அகலம்தான். ஊற்றும் வழியும் பத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம். சின்ன ஊசியைத் தேடுவதைவிட அது விழுந்த வைக்கோல் போர் எது என்று தேடுவது சுலபம், அவ்வளவுதான் இதன் தர்க்கம்.

எம்டி என்பது மேக்னட்டோடெல்லூரிக் என்பதன் சுருக்கம். போர்வெல்காரர் கரண்டை அவரே விடுகிறார். எம்டியில் நாம் எதையும் விடுவதில்லை. சூரியக் காற்று பூமியின் காந்தப் புலத்தை உலுக்குவதாலும், உலகெங்கும் விழும் மின்னல்களாலும் தரைக்குள் எப்போதும் பலவீனமான மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. காந்தப் புலத்தின் ஆட்டத்தையும் மின்புலத்தின் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் கீழே உள்ள பாறையின் மின்தடை தெரியும். ஆட்டம் எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அவ்வளவு ஆழத்திலிருந்து செய்தி வருகிறது. தோராயக் கணக்கு: மின்தடையை (ஓம்-மீட்டரில்) அலைவு நேரத்தால் (வினாடியில்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதை 500ஆல் பெருக்கினால் ஆழம் மீட்டரில் வரும். நூறு ஓம்-மீட்டர் பாறையில் ஒரு வினாடி அலை ஐந்து கிலோமீட்டர் இறங்கும், நூறு வினாடி அலை ஐம்பது கிலோமீட்டர் இறங்கும். அதாவது பூமியின் மேலோடு முழுவதையும் பார்க்க ராட்சத இயந்திரம் எதுவும் வேண்டாம், காத்திருந்தால் போதும். ஒரு இடத்தில் ஓரிரண்டு நாள் வைத்தால் மேலோட்டின் பெரும்பகுதி. மேலோட்டுக்கும் கீழே உள்ள மேன்டில் வரை வேண்டுமென்றால் சில வாரம்.

அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹைன்சன் குழு ஒலிம்பிக் டேமுக்குக் கீழே எம்டி பார்த்து 2006இல் ஒரு முடிவை வெளியிட்டது: படிவுக்கு நேர் கீழே ஆழமான மேலோட்டிலிருந்து மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் ஒரு பகுதி மேல்நோக்கி வருகிறது. பிறகு நிலையங்களை நெருக்கமாக வைத்து 2018இல் வந்த படம்தான் இன்று எல்லோரும் காட்டுவது. நடு மேலோட்டுக்குக் கீழே அகலமான ஒரு கடத்திப் பகுதி, அதிலிருந்து மூன்று குறுகலான கிளைகள் செங்குத்தாக மேலே ஏறுகின்றன. ஒன்று ஒலிம்பிக் டேமை நோக்கி, மற்ற இரண்டும் அதே பகுதியிலுள்ள விர்டா வெல், வல்கன் என்ற இடங்களை நோக்கி. கடவுளின் விரல்கள் என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். முதல் தடவை பார்க்கும்போது உண்மையிலேயே சிலிர்க்கும், நானும் மறுக்கவில்லை.

சிலிர்ப்பு அடங்கின பிறகு இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, மூன்று விரல்களும் காட்டுவது ஏற்கெனவே துளை போட்டுத் தெரிந்த இடங்களை. விடை தெரிந்த பிறகு கணக்குப் போட்ட மாதிரி. விரலை முதலில் பார்த்து, பிறகு துளை போட்டு, புதிதாக ஒரு ஒலிம்பிக் டேம் எடுத்தால்தான் அது தேடல் கருவி என்று அடித்துச் சொல்ல முடியும். இரண்டு, வல்கனும் விர்டா வெல்லும் ஒலிம்பிக் டேமைப் போல் சுரங்கமாகவில்லை. அங்கும் அதே வகைக் கனிமம் இருக்கிறது, அதே மாதிரி விரலும் ஏறுகிறது, லாபமாக வெட்டும் அளவுக்குத் தாமிரம் மட்டும் சேரவில்லை. திரவம் வந்த வழியை எம்டி காட்டும். வந்த திரவம் கையில் என்ன கொண்டுவந்தது என்பதைக் காட்டாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் பணம் போட்டவர்கள்தான் பிறகு எம்டியே ஏமாற்று என்று திட்டுவார்கள்.

இன்னும் ஒரு சிக்கல், கடத்துவது எது? இளம் எரிமலைப் பகுதியில் உருகிய பாறை என்றோ உப்புநீர் என்றோ சொல்லிவிடலாம். 1590 மில்லியன் வருடப் பழைய, ஆறிப்போன கண்டத்தில் அன்றைய திரவம் இன்னும் அங்கேயே நிற்கும் என்று நம்புவது கஷ்டம். அதனால் திரவம் போன வழியில் தாதுத் துகள்களின் ஓரங்களில் படிந்துவிட்ட மெல்லிய கிராஃபைட் படலம் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். ஆனால் கிராஃபைட், தாமிரத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழைய கடல் சேற்றிலிருந்தும் வரும். உருமாறிய கரிய ஷேல் ஒன்று எம்டி படத்தில் அச்சு அசலாக ஒரு "அமைப்பு" போலவே பளபளக்கும். அதுபோக, எம்டி உண்மையில் நன்றாக உணர்வது தடிமனையும் கடத்துதிறனையும் பெருக்கி வரும் மொத்தத்தை. மெல்லிய நல்ல கடத்தியும் தடித்த சுமாரான கடத்தியும் அதற்கு ஒன்றுதான். கடத்தியின் மேல் விளிம்பு ஓரளவு சரியாக வரும். அடி விளிம்பு எங்கே என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம்.

களத்திலும் எம்டிக்கு அதன் சொந்தத் தொல்லைகள் உண்டு. மின்வேலி போட்ட பண்ணை, மின்கம்பி, உப்பு ஏரி, கேபிளைக் கடித்துப் பார்க்கும் மாடு. ஒரு வினாடி அலைவுக்குப் பக்கத்தில் இயற்கை சமிக்ஞையே மிகப் பலவீனம், அந்த இடத்தில் வளைகோட்டில் புள்ளிகள் கொசு மொய்த்த மாதிரி சிதறிக் கிடக்கும். இதற்கெல்லாம் பழைய மருந்து, இரைச்சல் இல்லாத தூரத்து இடத்தில் இன்னொரு நிலையத்தை அதே நேரத்தில் ஓட்டுவது. கௌலரின் பெரும் பலமே அது ஆளில்லாப் பொட்டல் என்பதுதான். தமிழ்நாட்டில் வயலுக்கு வயல் பம்புசெட்டு இருக்கிற இடத்தில் இதே வேலையைச் செய்வது எவ்வளவு பாடு என்று செய்தவர்களைக் கேளுங்கள்; ஆனாலும் குப்பம்–பழனி நெடுக்குக் கோட்டில் சீஸ்மிக், எம்டி இரண்டையும் நம்மவர்கள் ஓட்டியிருக்கிறார்கள், தாதுவுக்காக அல்ல, தெற்கின் பழைய மேலோடு எப்படி ஒட்டப்பட்டது என்று பார்க்க.

ஆழ சீஸ்மிக்கைப் பார்ப்போம். இதில் நான்கைந்து கனரக வைப்ரேட்டர் லாரிகள் சாலையோரமாக வரிசையில் நின்று தரையை அதிர வைக்கும். அந்த அலை கீழே போய்ப் பாறை மாறும் இடங்களில் பட்டுத் திரும்பி வருவதைச் சுமார் 20 வினாடி வரை பதிவு செய்வார்கள். மேலோட்டில் அலை வினாடிக்கு ஆறு கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால், போக வர 20 வினாடி என்றால் அறுபது கிலோமீட்டர் ஆழம். எண்ணெய்க்காரர்கள் நாலைந்து வினாடியில் நிறுத்திவிடும் அதே வேலைதான், பொறுமை மட்டும் அதிகம்.

சீஸ்மிக்கின் பலம் கூர்மை. எம்டி படம் மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பது போல, ஓரமெல்லாம் மழுங்கி இருக்கும். சீஸ்மிக்கில் ஒரு பெரிய பிளவு மேலிருந்து மேலோட்டின் அடி வரை எப்படிச் சாய்ந்து இறங்குகிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டலாம். கனடா மேலோட்டை ஆழமாகப் பார்க்கும் லித்தோப்ரோப் என்ற திட்டத்தை 1984 முதல் 2005 வரை நடத்தியது. பிறகு சட்பரியிலுள்ள லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தின் மெட்டல் எர்த் திட்டம் தங்கம் உள்ள பழைய பச்சைப் பாறைப் பட்டைகளையும், அதே மாதிரி இருந்தும் தங்கம் இல்லாத பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. இல்லாத இடத்தையும் அதே சிரத்தையோடு அளந்தார்கள் பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் மரியாதை. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் படுக்கைபடுக்கையாக, அடுக்காக இருக்கிறது; அங்கே சீஸ்மிக் பிரமாதமாக வேலை செய்யும், எம்டியை யாரும் தேட மாட்டார்கள்.

கௌலரில் பிரச்சினை வேறு. 2003இல் ஆஸ்திரேலிய அரசின் புவியியல் அமைப்பான ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா ஒலிம்பிக் டேம் வழியாகவே ஆழ சீஸ்மிக் கோடு ஓட்டியது. சுற்றிலும் மேலோட்டில் கோடு கோடாகத் திரும்பி வரும் அலைகள், படிவுக்குக் கீழே போனதும் மங்கிப்போகின்றன. எம்டி விரல் ஏறும் இடமும் இந்த மங்கலான இடமும் பொருந்துகின்றன. சூடான திரவம் போனதால் பழைய அடுக்கமைப்பு அழிந்துவிட்டது என்று வாசிக்கிறார்கள். நியாயமான வாசிப்புதான். ஆனால் இல்லாமையை ஆதாரமாக எடுத்தால் எப்போதும் உறுத்தல் இருக்கும். லாரி நின்ற தரை மணலாக இருந்தாலும் மங்கும், கீழே வெறும் கிரானைட் குமிழ் இருந்தாலும் மங்கும். முக்கியமாக, செங்குத்தான எதையும் மேலிருந்து அனுப்பும் அலை நேரடியாகப் பிடிக்காது, திரும்பும் அலை எங்கோ பக்கவாட்டில் போய்விடும். நாம் தேடுவதோ செங்குத்தான குழாய் மாதிரியான வழி. அலை முப்பது கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகும்போது பக்கவாட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குக் குறைந்ததைத் தனியாகப் பிரித்துக் காட்டவும் முடியாது. கூர்மை என்று சொன்னேனே, அது செங்குத்துத் திசையில்தான்.

விலை? சீஸ்மிக்தான் எல்லாவற்றிலும் அதிகம், பல மடங்கு அதிகம். லாரி போக வழி வேண்டும், வழி இல்லாத இடத்தில் வெட்ட வேண்டும், வெட்டுவதற்கு முன் நிலத்தின் மரபுரிமைக்காரர்களிடம் பேச வேண்டும். ஒலிம்பிக் டேமைச் சுற்றிய நிலத்தில் கோகதா மக்களின் பூர்வீக உரிமை 2014இல் நீதிமன்றத்தில் உறுதியானது. எங்கே லாரி போகலாம், எந்த மணல்மேட்டைத் தொடக் கூடாது என்று அவர்களோடு நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதைச் செலவு என்று மட்டும் பார்க்கிற கம்பெனிகள் உண்டு, அவை அந்த ஊரில் நீண்ட நாள் இருப்பதில்லை. எம்டிக்கு இதே பேச்சு வேண்டும்தான், ஆனால் ஒரு ஜீப், நாலு பேர், மண்வெட்டி, முழங்கால் ஆழக் குழி சில. பேச்சும் சீக்கிரம் முடியும். மேற்கே போனால் வூமெரா என்ற ராணுவ ஏவுகணைப் பரிசோதனைப் பகுதி இருக்கிறது. பிராமினன்ட் ஹில் சுரங்கம் அதற்குள்தான். அங்கே உள்ளே போகவே தேதி ஒதுக்க வேண்டும், கனரக லாரி வரிசையைவிட ஒரு ஜீப்பை உள்ளே விடச் சொல்லிக் கேட்பது எப்போதும் எளிது.

இரைச்சலைக் கேட்கும் முறைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடல் அலை கரையில் மோதுவதால் பூமி ஓயாமல் லேசாக அதிர்கிறது. நிறையக் கருவிகளை வைத்து, அந்த அதிர்வு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வேகத்தைக் கணக்கிட்டால் கீழே உள்ள பாறையின் தன்மை கிடைக்கும். தூரத்து நிலநடுக்கங்களை மாதக்கணக்கில் பதிவு செய்தால் மேலோட்டின் தடிமன் தெரியும். இதெல்லாம் கண்ட அளவில் பெரிய உதவி. 2020இல் மார்க் ஹோகார்ட் குழு வெளியிட்ட ஆய்வு, படிவப் பாறையில் உள்ள ஈயம், துத்தநாகம், தாமிரப் படிவுகளில் 85 சதவீதம், மிகப் பெரியவை அத்தனையும், தடித்த கண்டத் தட்டின் விளிம்பிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருப்பதாகக் காட்டியது. அந்த விளிம்பை வரைந்ததே நிலநடுக்க அலைகளை வைத்துத்தான். ஆனால் 200 கிலோமீட்டர் பட்டை என்பது அரசாங்கத்துக்குத் தகவல். ஆயிரம் சதுர கிலோமீட்டர் உரிமம் வைத்திருப்பவருக்கு அது "நீ சரியான மாவட்டத்தில்தான் இருக்கிறாய்" என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

சின்ன கம்பெனிக்கு இதில் பயன்படும் ஒன்றே ஒன்று, ஒற்றைக் கருவியைத் தரையில் அரைமணி நேரம் வைத்து மூடுபாறை எவ்வளவு தடிமன் என்று கண்டுபிடிப்பது. மெத்து மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை என்றால் அழகாக வரும். ஒலிம்பிக் டேம் பக்கத்து மூடுபாறையிலேயே ஆர்கூனா குவார்ட்சைட் மாதிரியான கெட்டிப் பாறை இருக்கிறது, அங்கே வித்தியாசம் போதாமல் விடை குழம்பும். மலிவுதானே என்று நூறு இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம். தெரிந்த துளை பக்கத்தில் முதலில் வைத்துப் பாருங்கள்.

கடைசியில் கிராவிட்டியும் மேக்னட்டிக்கும். இவற்றைப் பழசு என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இந்த ஊரில் உண்மையில் தாது எடுத்துக் கொடுத்தவை இவைதான். ஹெமடைட் என்ற இரும்புத் தாது ஒரு கனசென்டிமீட்டருக்கு ஐந்து கிராமுக்கு மேல், கிரானைட் 2.65 வாக்கில்; அப்படி எடை வித்தியாசம் இருந்தால் சில நூறு மீட்டர் மூடியிருந்தாலும் ஈர்ப்புமானியில் மேடு தெரியும். ஹெமடைட்டுக்குக் காந்தம் குறைவு, இன்னொரு இரும்புத் தாதுவான மேக்னடைட்டுக்கு அதிகம். நல்ல தாமிரம் இங்கே பெரும்பாலும் ஹெமடைட் பக்கம். அதனால் ஈர்ப்பு மேடும் காந்த மேடும் கொஞ்சம் விலகி நிற்கிற இடத்தைக் கண்டால் ஆர்வம் கூடும். 2005இல் ரூடி கோமஸ் என்பவரின் ஆர்எம்ஜி சர்வீசஸ் என்ற சின்ன நிறுவனம் மாநில அரசின் துளை மானியத்தை வாங்கி டாரன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் துளை போட்டது. இரண்டாவது துளையில் 178 மீட்டர் நீளத்துக்கு 1.83 சதவீதம் தாமிரம். அதுதான் கேரபடீனா சுரங்கம், 2019இல் உற்பத்தி தொடங்கியது. 2018 நவம்பரில் பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் ஒலிம்பிக் டேமிலிருந்து 65 கிலோமீட்டர் தென்கிழக்கில் ஓக் டேம் பகுதியில், ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, 425 மீட்டர் நீளத்துக்கு 3.04 சதவீதம் என்று அறிவித்தது. அதுவும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்த ஒரு கிராவிட்டி மேடு. ஒருவர் பின் ஒருவராக வந்து துளை போட்டுப் பார்த்துவிட்டுப் போன இடம்.

ஓக் டேம் கதையில்தான் ஆழ அளவீட்டுக்கு என்ன வேலை என்பது எனக்குப் புரிந்தது. கௌலரில் கிராவிட்டி மேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. கனமான காப்ரோ பாறையும் மேடு காட்டும், வெறும் இரும்பும் மேடு காட்டும், மேடு இருக்கிறது என்பதற்காகத் துளை போட்டு இரும்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். பத்து மேட்டில் எதற்குப் பணம் ஒதுக்குவது, முதல் துளை சுமாராக வந்தால் அங்கேயே இரண்டாவது போடுவதா அடுத்த மேட்டுக்கு ஓடுவதா, இந்தக் கேள்விகளுக்குக் கிராவிட்டியிடம் பதில் இல்லை. மேட்டுக்குக் கீழே பதினைந்து கிலோமீட்டரிலிருந்து ஒரு வழி ஏறி வருகிறதா என்று தெரிந்தால், அங்கே இன்னும் இரண்டு துளைக்குப் பொறுமை காட்டலாம். வழி இல்லாத மேட்டில் முதல் துளையோடு முடித்துக்கொள்ளலாம். எம்டிக்கு நான் கொடுக்கும் வேலை இவ்வளவுதான். இதுவே ஒரு துளைச் செலவையாவது மிச்சப்படுத்தினால் சர்வேயின் காசில் பெரும்பகுதி திரும்பி வந்த மாதிரி.

அப்படியானால் பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது? முதல் பைசாவைச் செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதை எடுங்கள். ஆஸ்திரேலியா முழுக்கச் சுமார் 55 கிலோமீட்டருக்கு ஒரு நீண்டகால எம்டி நிலையம் என்ற கணக்கில் ஆஸ்லாம்ப் என்ற தேசியத் திட்டம் நடக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் தரவு பொதுவில் இருக்கிறது. 2003 சீஸ்மிக் கோட்டின் தரவும் இருக்கிறது, மாநில அரசின் சாரிக் தளத்தில் பழைய துளைகள், கிராவிட்டி, மேக்னட்டிக் எல்லாம் கிடைக்கும். இந்தத் தேசிய வலையில் உங்கள் உரிமம் முழுக்க ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும் என்பதால் அதிலேயே விரல் தேடக் கூடாது. பெரிய ஆழக் கடத்தியின் மேலேயோ அதன் ஓரத்திலோ இருக்கிறோமா என்று மட்டும் பாருங்கள். ஓரம் என்றால் சந்தோஷப்படுங்கள், நடுவை விட ஓரம்தான் எனக்குப் பிடிக்கும். சுத்தமாக வெளியே என்றால், உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

அடுத்து, கிராவிட்டியை நெருக்கமாக எடுங்கள். மேடுகள் எங்கே என்று தெரிந்த பிறகு, அவற்றில் நல்ல நாலைந்தைத் தொட்டுப் போகிற மாதிரி ஒரே ஒரு எம்டி கோடு, நிலையத்துக்கு நிலையம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில். கோடு உரிமத்தின் எல்லையைத் தாண்டி இருபக்கமும் நீள வேண்டும். முப்பது கிலோமீட்டர் ஆழம் பார்க்க வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டராவது பக்கவாட்டில் இடம் வேண்டும், பலர் இதைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்த்து வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து உரிமக்காரரிடம் பேசுங்கள், அவருக்கும் அந்தப் படம் வேண்டும், செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

சொந்தக் காசில் ஆழ சீஸ்மிக் மட்டும் வேண்டாம். அரசு ஓட்டும்போது உங்கள் நிலத்தின் வழியாகப் போகச் சொல்லிக் கோரிக்கை வைக்கலாம், பெரிய கம்பெனியோடு கூட்டு இருந்தால் அவர்கள் தலையில் கட்டலாம், மற்றபடி அது நமக்குக் கட்டுப்படியாகாது. இது கௌலருக்குச் சொன்னது. உங்கள் நிலம் அடுக்கடுக்கான படிவப் பாறையில், தாது ஒரு குறிப்பிட்ட அடுக்கைப் பின்பற்றுகிற இடத்தில் இருந்தால் இதையே தலைகீழாகச் சொல்லியிருப்பேன்: சீஸ்மிக்கை எடு, எம்டியை விடு. மூடுபாறை ஐம்பது மீட்டர்கூட இல்லாத இடம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், அதுதான் மலிவு. இந்தியாவிலும் 2016 தேசியக் கனிமத் தேடல் கொள்கைக்குப் பிறகு, ஆஸ்திரேலிய முன்மாதிரியிலேயே அன்கவர் என்ற பெயரில் மூடிய பாறைக்குக் கீழே தேடும் முயற்சி தொடங்கியிருக்கிறது. 1970களிலேயே காவலி–உடுப்பி நெடுக்குக் கோட்டில் ஆழ சீஸ்மிக் செய்த ஹைதராபாத் என்ஜிஆர்ஐ (தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற நாட்டுக்கு ஆழம் பார்ப்பது புதுசல்ல. அதைத் துளை போடும் முடிவோடு கோர்ப்பதுதான் புதுசு.

ஒப்பந்தம் போடும்போது ஒரு விஷயம். எம்டி நிறுவனங்கள் கடைசியில் கொடுப்பது சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசின ஒரு படம். அது அளவீடு அல்ல, அளவீட்டோடு ஒத்துப்போகும் எத்தனையோ மாதிரிகளில் ஒன்று. படத்தோடு நிற்காமல் கச்சா நேரத்தொடரையும் (கருவி நொடிக்கு நொடி பதிவு செய்ததை அப்படியே) கேட்டு வாங்குங்கள், தூர நிலையம் எங்கே இருந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை எழுதி வாங்குங்கள். அப்புறம், அந்த விரல் எனக்கு வேண்டாம், மாதிரியில் அதை அழித்துவிட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள், அளவீடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். விரல் இல்லாமலேயே பொருந்தினால் அந்த இடத்துக்குத் துளை இயந்திரத்தை அனுப்ப வேண்டாம்.